திராட்சை இலைக் காலம்

என் வண்டியில் முன்பெல்லாம் ஆட்கள் ஏறுவார்கள். இப்போது இலை ஏறுகிறது.

ஆட்கள் என்றால் எல்லாரும் எங்கள் ஊர் கிர்பெத் ஸுமைராக்காரர்கள்தான். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர். கிழக்கு வெளுக்கும் முன்பே பள்ளிவாசல் முக்கில் வந்து நிற்பார்கள். கையில் ரொட்டிப் பை, சட்டைப்பையில் அனுமதி அட்டை. ராணுவம் எழுப்பிய மதிலுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற சாவடி வாசலில் இறக்கிவிட்டு, பொழுது சாய்கிறபோது போய் ஏற்றிக்கொண்டு வருவேன். திரும்பி வரும்போது ஒருத்தன் தோளில் ஒருத்தன் தலை சாய்ந்திருக்கும். வண்டிக்குள் சிமென்ட் வாடை. எங்கள் ஊரில் எழும்பிய மாடிகளும், நடந்த கல்யாணங்களும், ஆட்டுக்கிடாய் வெட்டிப் போட்ட விருந்துகளும் பாதிக்கு மேல் அந்த அட்டையிலிருந்து வந்தவை. போர் தொடங்கியதும் அட்டைகளெல்லாம் ஒரே நாளில் செத்துப்போயின. அதற்குப் பிறகு இது மூன்றாவது வசந்தம்.

நாயிஃப் என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் இடுப்பளவுக் கல்சுவர்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்பார்கள். அந்தப் பக்கத்து நகரங்களில் எத்தனையோ அடுப்படிகளும் குளியலறைகளும் அவன் கைபட்டவை. சொந்த வீட்டு மாடி மட்டும் கம்பிகளை வானத்துக்கு நீட்டியபடி அரைகுறையாக நின்றது. அவனுடைய பகல் பொழுதெல்லாம் இப்போது அங்கேதான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு, எதிரே தெரிகிற மலையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் பெண்டாட்டி ஸுஹைலா ஊர்ப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அரசாங்க வேலை. ஆனால் நம் அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரிப்பணம் துறைமுகத்தில் அந்தப் பக்கத்துக்காரன் கையில் வசூலாகிறது. அவன் பிடித்து வைத்துக்கொண்டால் இங்கே சம்பளம் பாதியாகும், பாதியும் எப்போது வரும் என்று மந்திரிக்கே தெரியாது. பள்ளிக்கூடமும் வாரத்தில் மூன்று நாள்தான் நடந்தது. மற்ற நாட்களில் ஸுஹைலா தலைமுக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு திராட்சைத் தோட்டத்தில் இறங்கினாள். கூடவே நாயிஃபின் அக்கா ஹியாம். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வாய் மட்டும் வயசாகாதவள்.

அவர்களுக்கு இருந்தது வீட்டுக்குப் பின்னால் சரிவில் படிபடியாக வெட்டிய மூன்று படி நிலம். எல்லாம் தபூக்கி வகைத் திராட்சைக் கொடி. தபூக்கியின் இலை மெல்லிசு, வெளிர்பச்சை, நரம்பு தடிக்காது. அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தால் வாயில் கரையும். வசந்தத்தில் தளிர் நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது, நான்காவது இலையைக் காம்பில்லாமல் கிள்ளி எடுக்க வேண்டும். பனி காய்ந்த பிறகு கிள்ள வேண்டும். ஈரத்தோடு கிள்ளினால் சாக்குக்குள் கறுத்துப்போகும். இலையை என் வண்டியில் ஏற்றி கலீல் நகரச் சந்தையில் அபூ ராத்திப் மண்டியில் போடுவேன். அந்த வருமானம்தான் வீட்டில் மாவாகவும் மின்சாரமாகவும் ஆனது.

நாயிஃப் சாக்கைத் தொட மாட்டான். நான் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினால் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். பொம்பளைகள் இரண்டு பேரும் நானும்தான் தூக்கி வைப்போம்.

சித்திரை வெயில் ஆரம்பிக்கிற சமயம் அந்த வீட்டில் ஒரு சண்டை வந்தது. கந்தகச் சண்டை. காலையில் காபி குடிக்கலாமென்று சுவரைத் தாண்டிப் போனேன். நாயிஃப் கந்தகப் பொடியைத் துணிமூட்டையாகக் கட்டிக் கம்பு நுனியில் தொங்கவிட்டிருந்தான். கொடி மேலே ஆட்டினால் மஞ்சளாகத் தூவும். ஸுஹைலா படிக்கட்டில் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தூவாட்டி கொடியெல்லாம் சாம்பல் பூத்துடும். எங்கப்பா ஒரு வருஷம்கூட விட்டதில்லை" என்றான் நாயிஃப்.

"தூவினா இலைய எவன் வாங்குவான்? நாலு தண்ணி கழுவினாலும் அந்த நாத்தம் போகாது."

"இது திராட்சைத் தோட்டமா, கீரைப்பாத்தியா?"

"கீரைப்பாத்திதான்டா இப்ப ரொட்டி போடுது" என்று உள்ளேயிருந்து ஹியாம் அக்கா குரல் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு ஹியாம்."

ஸுஹைலா குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கணக்கு சொல்லித் தருகிற மாதிரிதான் பேசினாள். மகன் ஸாஹிர் பேரை வைத்து, ஸாஹிரின் அப்பா என்றுதான் புருஷனைக் கூப்பிடுவாள். "அபூ ஸாஹிர், போன வருஷத்தை நினைச்சுப் பாருங்க. பழம் நல்லாத்தானே வந்துச்சு? பெட்டி பெட்டியா சந்தைக்குக் கொண்டு போனோம். அதே வாரம் அந்தப் பக்கத்துத் திராட்சை லாரி லாரியா வந்து இறங்குச்சு. பெட்டி வாங்கின காசுகூடத் திரும்பல. மிச்சத்தைக் காய்ச்சிப் பாகு எடுத்தோம். அலமாரியைத் திறந்தா இன்னும் அதுதான் நிக்குது. அவன் லாரில திராட்சை வரும். இலை வராது. இலை கிள்ள ஆள் வேணும், அவனுக்குக் கட்டாது."

"கொடி பட்டுப்போச்சுன்னா?"

"மேல்படிக்குத் தூவுங்க. கீழ் ரெண்டு படியையும் எனக்கு விடுங்க."

நாயிஃப் என்னைப் பார்த்தான். நான் காபிக் கோப்பைக்குள் பார்த்தேன். கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு மேல்படிக்கு ஏறினான்.

"காத்து கீழ அடிக்குதான்னு பாத்துத் தூவுங்க" என்றாள் ஸுஹைலா.

"எனக்குத் தெரியும்" என்று கத்தினான். ஆனாலும் கம்பைக் கீழே வைத்துவிட்டு, விரலை நக்கி மேலே தூக்கிக் காற்று பார்த்ததை நான் பார்த்தேன்.

ஸாஹிர் அவர்களுடைய மூத்த பையன். ரமல்லா பக்கம் எஞ்சினியருக்குப் படிக்கிறான். அவன் பிறந்ததிலிருந்துதான் நாயிஃப் 'அபூ ஸாஹிர்' ஆனான், ஸுஹைலா 'உம்மு ஸாஹிர்' ஆனாள். அந்தப் பையன் ஒருநாள் மத்தியானம் அப்பனுக்குப் போன் பண்ணினான். அன்றைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு நாயிஃப் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டான். போனேன். வேலைச் சாமான் பை அவன் காலடியில் இருந்தது. கரண்டி, ரப்பர் சுத்தியல், ரசமட்டம், டைல்ஸ் அறுக்கிற மிஷின். எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

"நாளைக்கு விடிகாலைல என்னை மெயின் ரோட்டுல விடு அபூ ஷாதி" என்றான்.

"எங்க போற?"

"மதில் ஏற. ஆளை ஏத்திவிடற கலஃபுகிட்ட பேசிட்டேன். ஏணி அவன் ஆளு போடுவான், அந்தப் பக்கம் கயிறு. எறங்கினதும் கார் நிக்கும். என் பழைய மேஸ்திரி வேலை தர்றேங்கறான், தங்க எடமும் அங்கயே."

"முன்திர் காலைப் பாத்தல்ல?"

முன்திர் எங்கள் தெருதான். போன குளிர்காலத்தில் அந்தக் கயிற்றிலிருந்து விழுந்தவன். குதிகால் எலும்பு தூளாகிப்போய், கக்கூசுக்குப் போவதற்கும் பெண்டாட்டி தோள் வேண்டும் என்றாகிவிட்டது.

"தெனமும்தான் பாக்கறேன். அவனுக்கு ஒரு கால் போச்சு. எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. என்ன பிரயோசனம்? மாடில உக்காந்திருக்கு."

"இப்ப என்ன அவசரம்?"

அவன் சிகரெட்டைத் தரையில் தேய்த்தான். "ஸாஹிர் படிப்பை நிறுத்திட்டுக் காய்கறிச் சந்தைல மூட்டை எறக்கப் போறானாம். இந்தத் தவணைப் பணம் கட்டலல்ல, அதான். 'நீங்க கவலப்படாதீங்கப்பா'ங்கறான். என்கிட்ட சொல்றான், புரியுதா? நான் பெத்த புள்ள எனக்கு ஆறுதல் சொல்றான்."

"உம்மு ஸாஹிருக்குத் தெரியுமா, நீ போறது?"

"நீ சொல்லாட்டி தெரியாது."

"நான் ஏத்திட்டுப் போகமாட்டேன் நாயிஃப். முன்திரை ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டாந்ததும் இந்த வண்டிதான். மறுபடி என்னால ஆகாது. அதுவும் நாளைக்கு இலை நெறையக் கிடக்கு. வெங்காத்து வருதாம், அது வர்றதுக்குள்ள கிள்ளி அனுப்பணும்னு உன் வீட்டுக்காரி சொல்லிருக்கா."

"இலை!" என்றான், துப்புகிற மாதிரி. "சரி. நடந்து போயிக்கறேன்."

மறுநாள் விடியும்போதே காற்று சரியில்லை. தெற்கே வானம் கலங்கலாக இருந்தது. வெங்காற்று இரண்டு நாள் அடித்தால் இலை தோல் மாதிரி தடித்துவிடும். அப்புறம் ஆடுதான் தின்னும். ஸுஹைலாவும் ஹியாம் அக்காவும் பனி காய்கிற வரை பொறுத்து, கீழ் இரண்டு படியையும் மொத்தமாகக் கிள்ளினார்கள். தெருவிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். நாயிஃபை யாரும் தேடவில்லை. பள்ளிவாசலில் இருப்பான், இல்லையென்றால் எங்காவது தேநீர் குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

நான் சாக்குகளை ஏற்றிக்கொண்டு ஊர் வாசலுக்குப் போனேன். ராணுவம் நட்டிருக்கிற மஞ்சள் இரும்புக் கேட்டு மூடியிருந்தது.

ஏன் மூடினார்கள், எப்போது திறப்பார்கள் என்று கேட்பதற்கு ஆள் கிடையாது. ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. எனக்கு முன்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று, ஆட்டுக்குட்டி ஏற்றிய வண்டி ஒன்று. லாரிக்காரன் சக்கரத்து நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான். கல்லுக்கு என்ன, நூறு வருஷம் கிடக்கும். நான் சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். புளித்து எழும்புகிற மாவு மாதிரி சூடு. இலை மூச்சுவிட ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். அபூ ராத்திப்புக்குப் போன் அடித்தேன்.

"கேட்டு மூடியிருக்கு, மண்டியைச் சாத்திடாதீங்க."

"சாயங்காலம் கொண்டாந்தா கால் வெலைதான், இப்பவே சொல்லிட்டேன். வெந்த இலைய நான் யார் தலைல கட்டறது?" என்றான். கறாரானவன், ஆனால் பொய் சொல்லமாட்டான்.

வண்டியைத் திருப்பினேன்.

ஸுஹைலா வாசலில் வந்து நின்றாள். சாக்குகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அபூ ஸாஹிரைக் கூப்பிடுங்கண்ணே, எறக்கி உள்ள வைக்கட்டும். மாடில இருப்பாரு."

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "அவன் மாடில இல்லம்மா. விடிகாலையே போயிட்டான்."

"எங்க?"

"மதிலுக்கு."

அவள் கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "இலைய முதல்ல நிழலுக்குக் கொண்டு வாங்க. பரப்பிப் போட்டா சூடு ஆறும்" என்றாள்.

முன்னறையிலிருந்த மெத்தைகளைச் சுவரோரம் தள்ளி, கல்தரையில் விரிப்புகளைப் போட்டு இலையைப் பரப்பினோம். அந்தத் தரை நாயிஃப் போட்டது, குளுகுளுவென்று இருந்தது. அறை முழுக்கப் பச்சை. புளித்த வாசம்.

"சந்தைக்குப் போகாத இலைய என்னடி பண்றது?" என்றாள் ஹியாம் அக்கா.

"பாட்டில்ல அடைப்போம் மதினி. குளிர்காலத்துல இலை ஏது? அப்ப வித்துக்கலாம்."

"இத்தனைக்குமா? எத்தனை பாட்டிலு வேணும்!"

"தெருல கேளுங்க. கோலா குடிக்காத வீடு இருக்கா?"

ஹியாம் அக்கா புறப்பட்டாள். வீடு வீடாகப் போய்க் காலி பாட்டில்களைச் சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். கழுவி, கவிழ்த்து, வெங்காற்றிலேயே காயவைத்தோம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரும் வேண்டாம், உப்பும் வேண்டாம். இலையை அடுக்கி, சுருட்டி, பாட்டில் வாய்க்குள் விட்டு மரக்கரண்டிக் காம்பால் குத்த வேண்டும். மேலே மேலே அடைத்து, காற்றே இல்லாமல் பிதுக்கி மூடியை இறுக்கினால் அடுத்த வசந்தம் வரை கெடாது. தெருப் பெண்களும் முன்திரின் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்தார்கள். முன்திரும் ஊன்றுகோலோடு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு மூடி திருகினான். நாயிஃப் எங்கே போயிருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மூடியை எடுத்தான்.

மத்தியானம் ஹியாம் அக்கா தக்காளியைப் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் சட்டியோடு கொண்டுவந்து நடுவில் வைத்தாள். எல்லாரும் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தின்றோம். ஸுஹைலா ஒரு வாய் தின்றாள். நாயிஃப் போனுக்கு அடித்துப் பார்த்தாள். அணைந்து கிடந்தது.

"வரட்டும் அந்த நாயி. செருப்பைக் கழட்டி அடிக்கறேனா இல்லையா பாரு" என்றாள் ஹியாம் அக்கா. "சின்னப் புள்ளைல அத்திமரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம ஊளையிட்டவன். இவரு மதிலேறி எறங்கப் போறாராம்."

யாரோ சிரித்தார்கள். அப்போது முன்திரின் போனில் செய்தி வந்து விழுந்தது. அவன் படித்துவிட்டுப் போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன?" என்றாள் ஸுஹைலா.

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு முன்திர்."

"மதில்கிட்ட ஜீப்பு வந்துச்சாம். சுட்டாங்களாம். ஒருத்தனுக்குக் கால்ல. பேரு தெரியல."

ஸுஹைலாவின் கையில் இலைச் சுருள் இருந்தது. முன்திரின் பெண்டாட்டி அவள் முதுகில் கை வைத்தாள். பிறகு ஸுஹைலா சுருளைப் பாட்டிலுக்குள் விட்டு, கரண்டிக் காம்பால் குத்தினாள். மற்ற பெண்களும் கரண்டியை எடுத்தார்கள். அறை முழுக்கக் குத்துகிற சத்தம்.

நான் போன் எடுத்துக்கொண்டு வெளியே போய், மதிலேறுகிற இடம் இருக்கிற ரமல்லா பக்கத்தில் தெரிந்த டிரைவர்கள் எல்லாருக்கும் அடித்தேன். ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடிபட்டவன் வடக்குப் பக்கத்து ஆள் என்று ஒருத்தன் சொன்னான், இன்னொருத்தன் நம் பக்கத்துக்காரன் என்றான். உள்ளே வந்து மறுபடி இலை அடுக்க உட்கார்ந்தேன்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம். பின்வாசல் வழியாக, தோட்டத்துப் படிகளில் கால் வைத்து நாயிஃப் வந்தான். கேட்டு மூடியிருந்ததால் மலையைச் சுற்றி நடந்து வந்திருக்கிறான். காற்சட்டை முழங்காலில் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. தலையெல்லாம் புழுதி. கையில் ஒன்றும் இல்லை.

வாசலில் நின்றான். அறை நிறைய ஆளும் இலையும் பாட்டிலுமாக இருந்ததைப் பார்த்து, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டவன் மாதிரி முழித்தான்.

ஹியாம் அக்கா எழுந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், தோளைத் தட்டிப் பார்த்தாள். "கால் ரெண்டும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நில்லு. தண்ணி கொண்டாரேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். யாரும் கேட்காமலே சொன்னான். "கீழ நெறையப் பேர் நின்னோம். பையோட ஏறாதீங்க, பைய மொதல்ல குடுங்கன்னான் கலஃபோட ஆளு. வாங்கி ஒவ்வொண்ணா மதிலுக்கு மேல வீசினான். ரெண்டு பேரு ஏறினாங்க. மூணாவதா ஏறினவன் வடக்க ஜெனின் பக்கத்துப் பையன். அவன் மேல இருக்கறப்பதான் ஜீப்பு வந்துச்சு. அவனுக்குத்தான் பட்டது. நாங்க ஓடினோம். நான் ஒரு கார்ப் பட்டறைக்குள்ள பூந்துட்டேன். பட்டறைக்காரன் கதவைச் சாத்தித் தண்ணி குடுத்தான். அப்புறம் அந்தப் பையனைத் தூக்கிட்டுப் போனாங்க. உசிரு இருந்துச்சு. கத்திட்டிருந்தான்."

"உன் பை?" என்றான் முன்திர்.

"அந்தப் பக்கம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. கரண்டி, சுத்தியல், மட்டம், மிஷின். எல்லாம் போயிடுச்சு."

ஹியாம் அக்கா சொம்பை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பாத்தியா, உனக்குக் குடுக்கலன்னாலும் உன் சாமானுக்கு அனுமதி குடுத்துட்டாங்க."

முன்திர்தான் முதலில் சிரித்தான். பிறகு ஸுஹைலா சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டாள். அந்தத் தோள் குலுங்கியது சிரிப்பால்தானா என்று எனக்குச் சந்தேகம். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து, வீட்டு வேலை இருக்கிறதென்று போனார்கள். நானும் எழுந்தேன். "நீங்க இருங்கண்ணே, இந்தச் சாக்கு முடியட்டும்" என்றாள் ஸுஹைலா. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயிஃபிடம் திரும்பினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்கமாட்டேன். அதுக்குத்தான் சொல்லணும்."

அவன் முழங்காலில் ஒட்டியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஸாஹிர் எனக்கும்தான் போன் பண்ணான்" என்றாள் அவள். "படிப்பை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாமான்னு போய்க் கேக்கறேன்னான். லீவு நாள்ல மட்டும் மூட்டை எறக்கட்டும். அதனால என்ன? இருபது வருஷமா நீங்க மண்டி போட்டுத் தரை போட்டீங்க. அது கேவலமா?"

"அவன் போடக் கூடாதுன்னுதான் நான் போட்டேன்" என்றான் நாயிஃப்.

வெளியே வெங்காற்று ஜன்னல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ஸுஹைலா ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து அவன் முன்னால் உட்கார்ந்து, முழங்கால் காயத்தைக் கழுவிவிட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கழுவி முடித்ததும், பக்கத்தில் கிடந்த இலைக் குவியலை அவனுக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

அவன் ஒரு பிடி இலையை எடுத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கினான். ஓரம் சேராத இலையை எடுத்துவிட்டு வேறு வைத்தான்.

"டேய், தரையா போடறே? சுருட்டி உள்ள தள்ளு, பொழுது போவுது" என்றாள் ஹியாம் அக்கா.

"இரு ஹியாம். ஒழுங்கா வச்சாத்தான் ரெண்டு பங்கு புடிக்கும்."

பிடித்தது. அவன் அடைத்த பாட்டிலைத் தட்டினால் மரக்கட்டை மாதிரி சத்தம் வந்தது. இருட்டுவதற்கு முன்பே கடைசிச் சாக்கும் காலியாகிவிட்டது. பாட்டில்களை அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் அடுக்கினோம். நான் சுவரைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.

வெங்காற்று ஓய்ந்து ஒரு சின்ன மழை பெய்தது. கொடி மறுபடி தளிர் விட்டது. கேட்டும் திறந்தார்கள், ஏன் திறந்தார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு ஸுஹைலாவுக்குப் பள்ளிக்கூடம். "நீங்கதான் கிள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். நான் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது நாயிஃப் கீழ்ப்படியில் கொடிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். விரலெல்லாம் பச்சைக் கறை. கழுத்தில் பை.

"அதை இல்லடா! அது குலைக்கு நெழல் குடுக்கற இலை, அதை விடு" என்று ஹியாம் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "கழுதை வயசாச்சு, சொந்தக் கொடியத் தெரியல."

"நான் எங்க இருந்தேன் இங்க? விடியறதுக்கு முன்ன போவேன், இருட்டினப்புறம் வருவேன். இந்தக் கொடிய வெளிச்சத்துல பாத்ததே வெள்ளிக்கிழமைலதான்" என்றான் நாயிஃப். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கே அப்போதுதான் தெரிந்த விஷயம் மாதிரி சொன்னான்.

நான் சும்மா நிற்பானேன் என்று ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தேன். இலைப் பருவம் இன்னும் சில வாரம்தான். அதற்கப்புறம் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. என் வண்டியில் அப்புறம் என்ன ஏறும் என்றும் தெரியாது. பாட்டில்கள் குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் ரொட்டி வேண்டும். சாமானில்லாத டைல்ஸ்காரனை உள்ளூரில்தான் யார் கூப்பிடப் போகிறார்கள், கூப்பிட்டாலும் தரை போடுகிற மாதிரி இப்போது யார் வீடு கட்டுகிறார்கள்?

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. கையில் கறை என்பதால் என்னை எடுக்கச் சொன்னான். எடுத்து அவன் காதில் வைத்தேன். கலஃபின் குரல் எனக்கும் கேட்டது. வழி சுத்தமாக இருக்கிறதாம், ஜீப்பு வேறு பக்கம் போய்விட்டதாம், மேஸ்திரி இன்றைக்குள் ஆள் கேட்கிறானாம், மத்தியானத்துக்குள் வந்துவிட முடியுமா என்றான்.

நாயிஃப் கொடியைப் பார்த்தான். நிழல் தருகிற இலையை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்ததைக் கிள்ளிப் பையில் போட்டான்.

"இன்னிக்கு முடியாது கலஃப்" என்றான். "எனக்கு வேலை இருக்கு."